உயிரோடு இருப்பதற்குச் சான்று

எங்கள் வீட்டில் உயிரோடு இருப்பது ஒரு உத்தியோகம். அந்த உத்தியோகத்தைப் பார்த்தவர் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்து, இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்டுவிட்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் ஒதியம்பட்டுக்குத் திரும்பி வந்தவர். அப்படி வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். எங்கள் வீடு ஊருக்குச் சொல்தா வீடு. அப்பாவுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது. அம்மா, நான், என் மனைவி, என் இரண்டு பிள்ளைகள், கல்யாணமாகாத என் தங்கை, புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்ட அத்தை, அத்தையின் இரண்டு பெண்கள் என்று ஒன்பது பேர் அதில் சாப்பிட்டோம். நான் மதகடிப்பட்டில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். என் சம்பளம் எனக்குச் சட்டை தைக்கவும் பஸ் ஏறவும் காணும்.

அந்தப் பென்ஷனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வாங்குகிறவர் இன்னும் சாகவில்லை என்று வருடத்துக்கு ஒருமுறை பாண்டியில் பிரெஞ்சு கான்சல் ஆபீசுக்குப் போய் நேரில் நின்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு படிவம். அதை நிரப்புவது என் வேலை. அன்றைக்கு அப்பா முகம் மழித்து, மெடல் குத்தி, வாரா வாரம் பாலிஷ் போட்டு வைத்திருக்கும் பட்டாளத்து பூட்ஸை மாட்டிக்கொண்டு வில்லியனூர் பஸ்ஸுக்குக் கிளம்புவார். "நான் இன்னும் சாவலன்னு சொல்லிட்டு வரேன்" என்பார். வீடே சிரிக்கும். திரும்பி வரும்போது பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கி வருவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் அந்த பூட்ஸ் அவர் காலுக்குள் போகவில்லை. கால் வீங்கியிருந்தது. உப்பைக் குறைத்தோம், நெருஞ்சிமுள் கஷாயம் போட்டோம், பாண்டியில் டாக்டரிடம் காட்டினோம். அவர் மெட்ராசுக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்றார்கள். மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொஞ்ச நாள் தள்ளலாம், அதற்குள் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் பிழைப்பார் என்றார் டாக்டர். வைத்தியத்துக்குப் பிரான்சுக்கே போய்விடலாமே என்று மற்றச் சொல்தாக்கள் சொன்னார்கள். அப்பா ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். "அங்க செத்தா அங்கயே பொதச்சிடுவான். எங்க அப்பன் ஆத்தா படுத்திருக்கிற கல்லறையிலதான் நானும் படுப்பேன்" என்றார்.

நான் கணக்கு வாத்தியார். எதையும் கணக்காகத்தான் பார்ப்பேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இந்த விஷயம் எனக்கு மூன்றாம் வகுப்புக் கணக்காகத் தெரிந்தது. இரண்டிலிருந்து ஒன்று போனால் ஒன்று. பூஜ்யத்தோடு ஒன்று சேர்ந்தால் ஒன்று. முடிவில் யாரிடமும் பூஜ்யம் இல்லை. ஒருவருக்கும் பெரிய நஷ்டமில்லாமல் ஒரு உயிர் மிஞ்சுகிறது, அந்த உயிரால் ஒன்பது வயிறு நிறைகிறது. இதைவிடச் சுத்தமான கணக்கு உலகத்தில் உண்டா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. அன்றைக்கு என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அப்பாவின் சேதி எப்படியோ சந்தைக்கும் போயிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாட்டுத் தரகர் ஒருவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். அவருக்கு இரண்டடி பின்னால் ஒரு ஆள் நின்றான். கரும்பு வெட்டுகிறவன், முப்பது வயதிருக்கும், நல்ல தோள்.

"வாத்தியாரே, இவனுக்கு ரெண்டு கீது. ஒண்ணு போதும்னு டாக்டருங்களே சொல்றாங்களாம். இன்னா சொல்ற?" என்றார் தரகர்.

நான் அந்த ஆளைப் பார்த்தேன். மாட்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன், பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவன் என்னிடம், "கரும்பு வெட்டு மூணு மாசந்தான் சார். சொந்தமா ரெண்டு மாடு இருந்தா மீதி நாளு ஏர் ஓட்டிப் பொழச்சிக்குவேன்" என்றான். அதுவும் சரியான கணக்காகவே இருந்தது. அவனுக்கு மாடு, அப்பாவுக்கு உயிர், எங்களுக்குச் சோறு.

தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின்மேல் போட்டு என் பக்கம் நீட்டினார். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் கையை விட்டால், விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது, விற்கிறவனுக்கே சில சமயம் தெரியாது. நான் கையை விட்டேன். அவர் என் விரல்களைப் பிடித்தார். நான் ஒரு விரலை மடக்கினேன். வாத்தியார் வேலை பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன், ஒரு மனுஷனின் கிட்னிக்கு ஒரு விரல் குறைத்துக் கேட்டேன். அவன் இரண்டடி தள்ளி எங்கள் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஞாயிறு அவர்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலிமேல் வைத்திருந்தார். தரகர் பேச வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அந்த ஆளிடம் நேராகக் கேட்டார்.

"ஒம் பொஞ்சாதிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வுட மாட்டா சார்."

"அப்ப போப்பா. காபி குடிச்சிட்டுப் போ."

அவர்கள் போனதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாம் வாங்காவிட்டால் அவன் வேறு எவனுக்காவது விற்கத்தான் போகிறான், உங்கள் ஒருவரின் வீம்பால் யாருக்கு என்ன லாபம் என்று கத்தினேன்.  அப்பா சொன்னார்.

"என் ஒடம்ப பதினஞ்சு வருசத்துக்கு வித்துத்தான்டா இந்த வூட்டக் கட்டுனேன். நானும் எங்கம்மாகிட்ட சொல்லாமதான் போனேன். விக்கிறவன் இன்னா நெனச்சிக்கினு நிப்பான்னு எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியாது."

 ஆனால் அப்பா கை கழுவிய இடத்தில்தான் என் தங்கையின் தலையெழுத்து மாறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளி ஆள் வேண்டாம் என்றால் வீட்டு ஆள்தான். அம்மாவுக்குச் சர்க்கரை, அவர் ஆகாது. மெட்ராசில் என் ரத்தத்தையும் தங்கையின் ரத்தத்தையும் பார்த்தார்கள். இரண்டுமே பொருந்துகிறது, யார் கொடுத்தாலும் சரி, வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பேசியவன் நான்தான். சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு இரண்டு பிள்ளைகள், தங்கையை நம்பி யாருமில்லை. நான் தினம் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவன், அவள் கன்னிமார் மடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவள், உட்கார்ந்து செய்கிற வேலை. எனக்கு ஏதாவது ஆனால் மூன்று பேர் தெருவில் நிற்பார்கள், அவளுக்கு ஏதாவது ஆனால் அவளோடு போகும். கடைசி வரியை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் கூடத்திலிருந்த எல்லாருக்கும் கேட்டது. என் மனைவி குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மை என்னவென்றால் எனக்குப் பயம்.  பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தங்கை என்னைக் கேலி செய்துவிட்டுத் தானாகவே ஒப்புக்கொண்டிருப்பாள். அவள் குணம் அது. நான் பயத்தைச் சொல்லாமல் கணக்கைச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி ண்ணா, நானே குடுக்கிறேன். இதுக்கு எதுக்கு இவ்ளோ நீட்டி மொழக்குற?" என்றாள். அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அரியாங்குப்பத்தில் ஒரு இடம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிவைத்தோம். ஆபரேஷனைப் பற்றி அவர்களிடம் மூச்சு விட வேண்டாம், தழும்பு ரவிக்கைக்கும் புடவைக்கும் நடுவில் மறைந்துவிடும் என்று யோசனை சொன்னதும் நான்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பாவுக்கு மூன்றாம் நாளே முகத்தில் ரத்தம் ஓடியது. வைத்த கிட்னியை உடம்பு தள்ளாமலிருக்க, சாகிறவரை வேளை தவறாமல் விலை கூடிய மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். தங்கைக்குத்தான் ரொம்ப நாள் ஆயிற்று. விலா எலும்பை ஒட்டி முதுகுவரை வெட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தும் மாதக்கணக்கில் அவளால் தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை. நாலு மிதி மிதித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிடுவாள். அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். மெஷின் நிற்கும்போதெல்லாம் அவர் பேச்சும் நின்றுவிடும்.

அவள் கொஞ்சம் தேறியதும் கல்யாணத்துக்கு நாள் குறித்தோம். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகளுக்கும் இன்னாரின் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று. முதல் ஓலை வாசித்த நாலாம் நாள் அரியாங்குப்பத்திலிருந்து மாப்பிள்ளையின் மாமா வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் கொடுமை. "பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா நாளைக்குப் புள்ள தங்குமா? எங்களுக்கும் பயம் இருக்குதில்ல?" என்றார். தங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இரண்டாவது ஓலையை வாசிக்கவில்லை. அந்த ஞாயிறு தங்கை எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து பூசை முடிகிறவரை இருந்தாள்.

அதற்கு அடுத்த மாதம் அப்பாவின் படிவம் வந்தது. நான் மேஜையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ ஊர்க் கதை கேட்கிறவர் போலக் கேட்டார்.

"ஏன்டா, நான் போயிட்டா அம்மாவுக்கு எவ்ளோ வரும்?"

"பாதி" என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இப்ப மாத்திரைக்கும் மெட்ராசு போயி வரதுக்கும் எவ்ளோ ஆவுது?"

"பாதிக்கு மேலயே போயிடுதுப்பா."

வாத்தியாருக்கு யாராவது கேள்வி கேட்டால் சரியான விடை சொல்லாமல் இருக்க முடியாது. அப்பா "ம்" என்றார். அந்த "ம்" இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் முகம் மழித்து, பூட்ஸ் மாட்டிக்கொண்டு பாண்டிக்குப் போய், உயிரோடு இருப்பதாகக் காட்டிவிட்டு, ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

மூன்று மாதத்தில் கால் மறுபடி வீங்கியது. காய்ச்சல், வாந்தி. மெட்ராசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வைத்த கிட்னியை உடம்பு தள்ளுகிறது என்றார் டாக்டர். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று இரண்டு தடவை கேட்டார். அம்மா தன் கையாலேயே வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார், அது சத்தியம். டாக்டர் என்னென்னவோ ஊசி போட்டுப் பார்த்தார். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். வந்த எட்டாம் நாள் காலையில், கோயில் சாமியார் வந்து கடைசி நேரத்து எண்ணெய் பூசி அவஸ்தை கொடுத்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அப்பா போய்விட்டார்.

குளிப்பாட்டி, அவருடைய பழைய கோட்டை மாட்டி, மெடலைக் குத்திப் பெட்டியில் வைத்தோம். சொல்தாவைச் சொல்தாவாகத்தான் அனுப்ப வேண்டும் என்று தங்கை பூட்ஸை எடுத்து வந்தாள். கால்மாட்டில் மண்டிபோட்டு உட்கார்ந்து வலது பூட்ஸைக் கவிழ்த்துத் தூசி தட்டினாள். உள்ளேயிருந்து மாத்திரைகள் கொட்டின. வெள்ளையும் மஞ்சளுமாக அவள் மடி நிறைய. அம்மா உள்ளங்கையில் வைத்துக் கொடுத்ததை வாயில் போடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, அம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்துப்போனதும் இதற்குள் போட்டிருக்கிறார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைத் தெருவில் எறிய அவருக்கு மனசு வரவில்லை.

நானும் அவளும்தான் பார்த்தோம். அம்மாவும் அத்தையும் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தார்கள். வாசலில் சாமியாரும் ஊர்க்காரர்களும் காத்திருந்தார்கள். தானாக உயிரை விட்டவனுக்கு எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் இறந்தவருக்குக் கோயிலில் செய்யும் பாடல் பூசை கிடையாது, கல்லறைக்குள் இடமும் கிடையாது, வேலியோரம்தான். பிரான்சுக்கே போகாமல் அவர் காத்திருந்த இடம் அந்தக் கல்லறை. தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை நின்றிருந்தது.

"அண்ணா, அம்மாவுக்குப் பாதி வரும்னு நீதான் அப்பாகிட்ட சொன்னியா?"

நான் தலையாட்டினேன். அவள் மடியிலிருந்த மாத்திரைகளைக் கை கையாக அள்ளி மறுபடி பூட்ஸுக்குள்ளேயே போட்டாள். "காலப் புடி ண்ணா" என்றாள். பிடித்தேன். வீங்கிய காலை உள்ளே நுழைத்து, மாத்திரைகள் நொறுங்குகிற சத்தம் கேட்கக் கேட்க, கயிற்றை இழுத்துக் கட்டினாள். முழுப் பாடல் பூசையோடு, அவர் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில், அவளுடைய கிட்னியோடும் சாப்பிடாத மாத்திரையோடும் அப்பாவைப் புதைத்தோம்.

எனக்கு அப்பா மேல் ரொம்ப வருடம் கோபம் இருந்தது. எவனோ ஒருவனுடைய உடம்பை வாங்க மனசு கேட்காத மனுஷன், பெற்ற பெண் கொடுத்ததை இப்படிப் பாழாக்கலாமா என்று. யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது என் கணக்கைத்தான். நான் பாதியில் நிறுத்திய இடத்திலிருந்து அவர் தொடர்ந்து போட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பாதி பென்ஷன் வந்தது. மாத்திரைச் செலவு இல்லை, மெட்ராஸ் செலவு இல்லை. அப்பா இருந்த கடைசி வருடத்தைவிட வீட்டில் பிடுங்கல் குறைந்தது. அத்தையின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம்கூட நடந்தது. விடை சரி. ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தக் கரும்பு வெட்டுகிறவனை இரண்டு வருடம் கழித்துச் சந்தையில் பார்த்தேன். மெட்ராசில் யாருக்கோ விற்றுவிட்டதாகச் சொன்னான். மாடு வாங்கினானாம். குனிந்து ஏர் பிடித்தால் இடுப்பு விட்டுப்போகிறது என்று அன்றைக்கு அந்த மாட்டை விற்க வந்திருந்தான். தரகர் துண்டை எடுத்துக் கையில் போட்டதும் நான் அங்கிருந்து வந்துவிட்டேன்.

தங்கைக்கு அதற்கப்புறம் இடம் எதுவும் வரவில்லை. மெஷினை மிதிக்காமல் கையால் செய்கிற எம்பிராய்டரியைச் சொல்லிக்கொடுத்தாள். அம்மாவுக்குப் பென்ஷன் வந்த பிறகு வருடாவருடம் அம்மாதான் பாண்டிக்குப் போய் நின்று காட்ட வேண்டும். துணைக்குத் தங்கை போவாள். படிவம் நிரப்புவது இன்னும் என் வேலைதான்.

ஒரு வருடம் நான் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு கையை வைத்தபடிதான் நிற்பாள், அது அவளுக்குப் பழகிவிட்டது. அம்மாவின் பெயரை நான் எழுதி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு ண்ணா. நானும் உயிரோடதான் கீறேன்னு."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் அம்மாவின் படிவத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.